கையெழுத்துக்கு முன் எஞ்சின் ஓடட்டும்

புது லாரி டெலிவரி எடுக்கும் நாளில் ஷோரூம் வாசலில் ஒரு சிறு திருவிழாவே நடக்கும். நல்ல நேரம் பார்த்துக் குடும்பத்தோடு வருவார்கள். பம்பரில் மாலை, கண்ணாடியில் சந்தனம், முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஒரு முறை 'டக்' என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. விற்பனையாளர் பதறுவதில்லை. "பேட்டரி டவுன் சார், ரெண்டு நிமிஷம்" என்கிறார். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் வருகிறது. எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. நல்ல நேரம் முடிவதற்குள் வண்டி ரோட்டுக்கு வந்துவிடுகிறது.

இப்படி வெளியே வந்த வண்டிகளில் பல பிறகு எந்தத் தொந்தரவும் தராமல் ஓடவும் செய்யும். சில அடுத்த வாரமே ஏதாவது டோல்கேட் பக்கத்தில் லோடோடு நின்றுவிடும். இரண்டில் எது என்று அந்தக் காலை நேரத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் கையெழுத்து வாங்கப்படுகிறது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய விஷயம். ஸ்டார்ட் ஆகாத புது வண்டியைப் பொறுத்தவரை, வாங்குபவருக்குச் சட்டம் தரும் பலம் அவர் வண்டியை ஏற்றுக்கொள்ளும் வரைதான் முழுமையாக இருக்கிறது. ஏற்றுக்கொண்ட நொடியிலிருந்து அது தேயத் தொடங்கிவிடுகிறது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது 41ஆவது பிரிவு. அவர் கேட்டால் அந்த வாய்ப்பைத் தர விற்பவர் கடமைப்பட்டவர். பொருளை நிராகரித்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் தர வேண்டிய அவசியம்கூட வாங்குபவருக்கு இல்லை, ஏற்க மறுப்பதாகத் தெரிவித்தாலே போதும் என்கிறது 43ஆவது பிரிவு. ஆனால் ஒரு முறை ஏற்றுக்கொண்டுவிட்டால், பொதுவாக 13ஆவது பிரிவின்படி நிராகரிக்கும் உரிமை போய் இழப்பீடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியவர், ரிப்பேருக்காக சர்வீஸ் சென்டர் வாசலில் காத்திருப்பவராக மாறிவிடுகிறார்.

வியாபார நடைமுறையோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. பதிவு எண் இல்லாமல், குறைந்தது தற்காலிகப் பதிவாவது இல்லாமல், எந்த வண்டியையும் டெலிவரி கொடுக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 42ஆவது விதி இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு வந்த விதி. ஆனால் அதன் விளைவாக, வாங்குபவர் சாவியைத் தொடுவதற்கு முன்பே வண்டி அவர் பெயருக்கு வந்துவிடுகிறது. படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22, இன்சூரன்ஸ், நிதி நிறுவனத்துக்கான அடமானப் பதிவு என்று எல்லாம் முடிந்திருக்கும். டெலிவரி நோட்டில் போட வேண்டிய கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அதையும் பூஜை அவசரத்தில் எங்கே என்று பார்க்காமல் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கையெழுத்தை நிறுத்தி வைக்க முடியும். நிறுத்தி வைக்க வேண்டும்.

புது வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகாது? பெரும்பாலும் பேட்டரிதான் காரணம் என்று விற்பனையாளர் சொல்வது பொய்யல்ல. கனரக லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாகப் பயன்படுத்துகிறார்கள். ஆலையிலிருந்து வந்த வண்டி டீலரின் யார்டில் வெயிலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கிறது. ஆடியில் டெலிவரி எடுக்க நம்மூரில் பலர் விரும்புவதில்லை, மார்கழியிலும் அப்படித்தான். லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலே மெல்ல மெல்லச் சார்ஜை இழக்கும், வெப்பம் கூடக்கூட அது வேகமாகும். அதோடு இன்றைய வண்டியில் எஞ்சினை இயக்கும் கணினி, இருப்பிடம் காட்டும் கருவி, இம்மொபிலைசர் என்று சாவியை எடுத்த பிறகும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும் பாகங்கள் பல. பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்சை யாராவது அணைத்து வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்திருக்கும்.

எனவே காரணம் பேட்டரி என்பதோடு விஷயம் முடிவதில்லை. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்துகொண்டு போன வண்டியின் பேட்டரி, பல ஆண்டு உழைக்க வேண்டியது, ஓரிரு ஆண்டில் கையை விரிக்கக்கூடும். அப்போது கேட்டால், டயரும் பேட்டரியும் அவற்றைத் தயாரித்த கம்பெனியின் வாரன்டியில் வரும், எங்களுடையதில் வராது என்று சொல்லிவிடுவார்கள். புது வண்டிக்கு முழு விலை கொடுத்தவர் வாங்கும்போதே பாதி ஆயுள் போன ஒரு பேட்டரியையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல நிலையில் முழு சார்ஜோடு இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். இரண்டும் சேர்ந்தால் 25.2. இரண்டும் சேர்ந்து 24.0 காட்டினால் பெயருக்கு 24 வோல்ட் இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடக் கூடாது. கால் பங்கு சார்ஜ்தான் மிச்சம் என்று பொருள். செல்ஃப் அடிக்கும்போது மொத்த வோல்ட் சுமார் 19.2க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் அளவுக்கு ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரையும் அதன் வயரிங்கையும் பார்க்க வேண்டும். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமும் மல்டிமீட்டர் இருக்கிறது. டெலிவரிக்குப் பூசாரியை அழைத்துவருபவர்கள் ஒரு எலக்ட்ரீஷியனையும் அழைத்துவரலாம்.

பேட்டரி சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கவலை இன்னும் கூட வேண்டும். டேங்கில் கொஞ்சம் டீசலோடு யார்டில் நிறுத்திய வண்டியில் லைன் ஏர் எடுத்திருக்கலாம். ஹேண்ட் பம்ப் அடித்து ஏரை வெளியேற்றினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எலி கடித்த வயரிங், தண்ணீர் கலந்த டீசல், சாவியை அடையாளம் காணாத இம்மொபிலைசர், கிளட்ச் அல்லது நியூட்ரல் ஸ்விட்ச் கோளாறு, எஞ்சின் கணினிக்கே மின்சாரம் போகாமை என்று மற்ற வாய்ப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமான பிறகு லாரி எஞ்சினைச் சுற்றி சென்சார்களும் வயர்களும் முன்பைவிட எவ்வளவோ கூடிவிட்டன. பழைய லாரியை நாலு பேர் தள்ளி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்த காலம் போய்விட்டது. ஏர் பிரேக் வண்டியில் எஞ்சின் ஓடிக் காற்றழுத்தம் ஏறும் வரை பின்சக்கரப் பிரேக்கே விடாது. கணினிக்குப் போதிய வோல்ட் இல்லாவிட்டால் டீசல் இன்ஜெக்ஷனும் நடக்காது. இப்படிப்பட்ட வண்டியில் என்ன கோளாறு என்பதை ஸ்கேனரை மாட்டி, அதில் பதிவான கோட் எண்களைப் படித்துத்தான் சொல்ல முடியும். அந்த ஸ்கேன் அறிக்கையை வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டும். "பார்த்துட்டோம், ஒண்ணுமில்ல" என்ற வாய்வார்த்தை பின்னால் எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிற்காது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பலர் சேஸாக வாங்கிப் பட்டறையில் பாடி கட்டுகிறார்கள். பட்டறையில் வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பையும் எஞ்சின் கணினியின் கனெக்டரையும் கழற்றி வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வலியுறுத்துகிறார்கள். கழற்றாமல் ஆர்க் அடித்தால் கணினி பழுதாகும் ஆபத்து உண்டு. பாடி கட்டி முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது டீலர் பட்டறையைக் கை காட்டுவார், பட்டறைக்காரர் டீலரைக் கை காட்டுவார். சேஸ் டீலரிடமிருந்து கிளம்பும்போது நன்றாக ஸ்டார்ட் ஆனது, பேட்டரி வோல்ட் இவ்வளவு, கோளாறு கோட் எதுவும் இல்லை என்று ஒரு தாள் கையில் இருந்தால் அந்தச் சண்டையில் வாங்கியவர் நடுவில் மாட்டிக்கொள்ள மாட்டார். பட்டறையில் விடும்போதும் அதே சோதனையைச் செய்து பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் யாருடைய பணம் கரைகிறது என்று பார்த்தால், இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. 30 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 5 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாத டியூ சுமார் 63,700 ரூபாய். நாளொன்றுக்கு 2,100 ரூபாய்க்கு மேல். 20 முதல் 40 டன் வரையான சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் ஆண்டுக்கு 43,950 ரூபாய். அது நாளுக்கு 120. காலாண்டு வரி தனி. வாரன்டியும் வழக்கமாக விற்பனைத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். டிரைவர் சம்பளமும் கைவிட்டுப்போன லோடும் இந்தக் கணக்கில் சேரவில்லை. டியூ மாதக்கணக்கில் நின்றால் வண்டியை சீஸ் செய்ய ஆள் வரும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் டியூ கட்டவில்லை என்ற காரணத்தை நிதி நிறுவனம் ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் கடன் ஒப்பந்தத்தில் இருக்காது.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதன் கதவும் முன்பைவிட அகலமாகத்தான் திறந்திருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 20 முதல் 50 லட்சம் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் 1,000 ரூபாய்தான். பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

ஆனால் லாரிக்காரருக்கு வாசலிலேயே ஒரு கேள்வி காத்திருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. இதன் எல்லையை 1995இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது, கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் லட்சுமி என்ஜினியரிங் வொர்க்ஸ் வாங்கிய ஓர் இயந்திரம் தொடர்பான வழக்கு அது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்று அந்தத் தீர்ப்பு உதாரணத்தோடு சொன்னது. ஆனால் முழுநேர டிரைவர் போட்டு ஓட்டுபவரும் இரண்டாவது வண்டி வாங்குபவரும் அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்படும் ஆபத்தில் இருக்கிறார்கள். முதல் வண்டியின் டியூவை முடித்து, வீட்டு நகையை வைத்து இரண்டாவது வண்டி எடுப்பவரைப் பெருமுதலாளியாகக் கருதுவது நியாயமே இல்லை.

வாசலைத் தாண்டி உள்ளே போனாலும் புது வண்டி கிடைத்துவிடும் என்று நம்பிப் போகக் கூடாது. பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரன்டியின் கடமை, அதைக் காட்டி முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021இல் வந்த இன்னொரு தீர்ப்பையும் வாங்குபவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கோவாவில் ஒருவர் 2011 மாடல் காருக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுத்ததோ 2009இல் தயாரான, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய கார். டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டினாலொழிய தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று கூறி நிறுவனத்தை நீதிமன்றம் விடுவித்தது, பொறுப்பு டீலருடையதானது. யார்டில் வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்ற கேள்வியிலும் இதே வாதம் எழும். பெரிய கம்பெனி வண்டி, எதுவானாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஷோரூமில் சொல்லப்படும் சமாதானத்துக்குச் சட்டத்தில் அவ்வளவு பலம் இல்லை.

அதனால்தான் எல்லாக் கவனமும் டெலிவரிக்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில் குவிய வேண்டும். வண்டியை முந்தைய நாளே போய்ப் பார்ப்பது நல்லது. படிவம் 21இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். அதிலிருந்து வண்டி யார்டில் எத்தனை நாள் கிடந்தது என்று கணக்கிடலாம். பேட்டரி மேல் பொறித்த தேதிக் குறியையும் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாவதற்கு முன், வேறு வண்டியின் துணையில்லாமல், சொந்த பேட்டரியில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். டீலர் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறவிட்டு மறுபடி பார்க்கலாம். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடாமல், இன்ன தேதியில் இன்ன நேரத்தில் வண்டி இயங்கவில்லை, காரணம் கண்டறிந்து சரிசெய்யும் வரை ஏற்க மறுக்கிறேன் என்று எழுதி டீலருக்கும் நிதி நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கடன் தொகை இன்னும் டீலர் கைக்குப் போயிருக்காவிட்டால் அந்தக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பே வேறு. இறங்கிப்போன பேட்டரிக்குப் பதில் புதிய பேட்டரி கேட்பது பேராசை அல்ல; புதிய வண்டிக்குத்தானே விலை கொடுத்திருக்கிறார்.

நல்ல நேரம் தவறிப்போகுமே என்ற தயக்கம் நியாயமானது. அதை யாரும் இளக்காரமாகப் பேச வேண்டியதில்லை. பூஜையைக் குறித்த நேரத்தில் நின்ற இடத்திலேயே செய்துகொள்ளலாம். கையெழுத்துக்கு முகூர்த்தம் கிடையாது.

இத்தனையையும் தனி ஆளாக நின்று கேட்பது எளிதல்ல என்பதும் உண்மை. எதிரே இருப்பவர் நாளைக்கு சர்வீஸுக்குப் போய் நிற்க வேண்டிய டீலர். ஆகவே சட்டமே இதைக் கேட்க வேண்டும். பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், குறைபாடுள்ள பொருளை வாங்கிய 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உரிமை தருகிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 6 மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு டெலிவரியின்போதே இருந்ததாகக் கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்பவரின் வேலை. அந்தச் சட்டங்கள் நுகர்வோருக்கானவை, தொழிலுக்கு வாங்குபவரை அவை காப்பதில்லை. இந்தியச் சட்டத்திலோ பிழைப்புக்காக லாரி ஓட்டுபவருக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. இங்கே அப்படியொரு உரிமை வந்தால் அது நேராக ஒற்றை லாரி உரிமையாளரைப் போய்ச் சேரும்.

சட்டத் திருத்தம் வர ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெலிவரிக்கு முன் செய்த சோதனையின் அறிக்கை, பேட்டரி வோல்ட், ஸ்கேனர் முடிவு, யார்டில் நின்ற நாட்கள் ஆகியவற்றோடு வாங்குபவர் கையெழுத்திட்ட ஒரு தாளைப் பதிவு ஆவணங்களுடன் இணைப்பதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியாக்க வேண்டும். பெரும்பாலான டீலர்கள் அந்தச் சோதனைத் தாளை இப்போதும் தங்கள் கோப்புக்காக நிரப்பத்தான் செய்கிறார்கள். அதன் நகல் வாங்குபவர் கைக்கு வர வேண்டும், அவ்வளவே. லாரி உரிமையாளர் சங்கங்கள் டீசல் விலைக்கும் டோல் கட்டணத்துக்கும் குரல் கொடுத்து, வேலைநிறுத்தம்வரை போயிருக்கின்றன. தங்கள் உறுப்பினர்கள் எடுக்கும் ஒவ்வொரு புது வண்டிக்கும் இந்தத் தாளின் நகல் வேண்டும் என்று டீலர்களிடம் கேட்பதை அவை இந்த மாதமே தொடங்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.